ஃபிரொக் – கவைமுனை

அட்டன் ஸ்டேஷனையோ நானுஓயா யார்டையோ மேசையில் மாதிரி ரயிலாகக் கட்ட இறங்கினால், வயர் இழுக்கும் நாளில் 'ஃபிரொக்' என்ற சொல் வந்து நிற்கும். ஒரு பாதையின் இடது தண்டவாளம் இன்னொன்றின் வலது தண்டவாளத்தை வெட்டும் இடத்தில், ஆப்பு வடிவில் இருக்கும் கூர்முனைதான் அது.

ஆங்கிலத்தில் தவளைக்கும் இதே பெயர். ஆனால் குதிரைக் குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியையும் ஃபிரொக் என்பார்கள். அந்த வடிவத்தைப் பார்த்தே தண்டவாளத்துக்கும் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். 1867இல் கண்டிக்குக் கோச்சி கொண்டுவந்த பிரிட்டிஷ்காரர் வழக்கில் இது 'கிராஸிங்', நுனி 'மூக்கு'. ஃபிரொக் அமெரிக்க வழக்கு. ஆனாலும் மாதிரித் தண்டவாளம் செய்யும் இங்கிலாந்தின் பீகோ நிறுவனமே தன் பொயின்ட்களுக்கு (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்புகளுக்கு) 'இன்சுல்ஃபிரொக்', 'எலக்ட்ரோஃபிரொக்' என்று பெயர் வைத்ததால், மாதிரி ரயில்காரரிடம் இந்தச் சொல்தான் நிலைத்துவிட்டது.

தமிழில் 'தவளை' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோம். அதனால் 'கவைமுனை' என்பதே என் தெரிவு. வடிவமும் தெரிகிறது, எந்த இடம் என்பதும் தெரிகிறது.

இடம் தெரிவது ஏன் முக்கியம்? இரு தண்டவாள நேரோட்டத்தில் ஒரு தண்டவாளம் நேர், மற்றது மறை. கவைமுனையில் இவை இரண்டும் சந்திக்கின்றன. அதைப் பிளாஸ்டிக்கில் செய்தால் சோட் ஆகாது. ஆனால் சிறிய எஞ்சின் அங்கே கரண்ட் இல்லாமல் நின்றுவிடும். உலோகத்தில் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும், ஆனால் வண்டி போகும் பாதைக்கு ஏற்ப அதன் முனைவை (நேரா மறையா என்பதை) ஒரு சுவிச் மாற்றிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் வேலைதான், இருந்தும் நான் உலோகத்தையே சொல்வேன்.

இரண்டு பாதைகள் சாய்வாக வெட்டும் டயமண்ட் கிராஸிங்கில் நான்கு வெட்டுகள் உண்டு. இரு நுனிகளிலும் இருப்பவை மட்டுமே கவைமுனைகள். நடுவில் உள்ள இரண்டும் விரிகோண வெட்டுகள். அங்கே இடதை இடதும் வலதை வலதும் வெட்டுவதால், இரு பாதைக்கும் ஒரே ஒழுங்கில் கரண்ட் கொடுத்திருந்தால் முனைவுச் சண்டை இல்லை. அவற்றையும் ஃபிரொக் என்று சேர்த்துச் சொல்வதால்தான் புதிதாக வயர் இழுப்பவர் குழம்புகிறார். 'விரிவெட்டு' என்று தனியே பெயர் வைத்தால் சரி.

ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு வண்டி மாறவும் வழியுள்ள டயமண்ட் கிராஸிங்தான் டபுள் ஸ்லிப். அதில் இன்னொரு சிக்கல். இடப்பக்கக் கவைமுனையின் முனைவை வலப்பக்க நாக்குகளை (வண்டியைத் திருப்பும் அசையும் தண்டவாளத் துண்டுகளை) நகர்த்தும் மோட்டரிலுள்ள சுவிச்தான் மாற்ற வேண்டும். வலப்பக்கத்துக்கு இடப்பக்க மோட்டர். வண்டி இடப்பக்கத்தில் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை வலப்பக்க நாக்குகளே தீர்மானிக்கின்றன. ஆகவே வயரில் பெயர் ஒட்டும்போது 'இடக் கவைமுனை – வல மோட்டர்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.