'சூப்பர்' என்று சொல்லாத நண்பர்கள் வேண்டும்

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கல்யாணப் படம் சரியில்லை என்றால் பெண் வீட்டார் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார்கள்: "என்ன தம்பி, எங்க பெரியப்பா ஒரு படத்துல கூட இல்லையே?" மலையும் கடலும் அப்படிக் கேட்பதில்லை. எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "சூப்பர்", "வேற லெவல்", நாலு கைதட்டல் எமோஜி. பத்து வருடமாக எடுப்பவருக்கும் அதே கைதட்டல்தான், போன வாரம் கேமரா வாங்கியவருக்கும் அதேதான். அன்பில் போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் அதை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால் கை தேறாது.

ஒளிப்படம் என் தொழில். நேரம் கிடைக்கும்போது ஆர்வலர்கள் ஒன்றுகூடிப் படம் பார்க்கும் சிறு வட்டங்களில் போய் உட்காருவேன். ஐந்தாறு பேர் ஒருவர் படத்தை ஒருவர் நேர்மையாகப் பார்த்துப் பேசும் மாலை, பணம் கட்டிச் சேரும் பல பயிலரங்குகளைவிட அதிகம் கற்றுத்தருகிறது என்று உறுதியாகச் சொல்வேன். அப்படி ஒரு வட்டத்தை நீங்களும் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்தவருக்குத் தன் படம் ஏன் சரியாகத் தெரிவதில்லை? அவர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. இருட்டில் எழுந்தது, குளிர், காற்றின் சத்தம், கூட வந்த நண்பர்கள் எல்லாம் படத்தோடு சேர்ந்தே அவருக்கு வருகின்றன. பார்ப்பவருக்கோ நாலு மூலை கொண்ட ஒரு செவ்வகம் மட்டும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து சொல்ல இன்னொருவர் வேண்டும்.

ஓர் ஆசிரியர் கொண்டுவந்த கொழுக்குமலைப் படத்தைச் சொல்கிறேன். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிப் போய், தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கை மூடிக் கிடக்கும் மேகத்துக்கு மேலே சூரியன் எழும் காட்சியை எடுத்திருந்தார். எந்த விளக்கமும் சொல்லாமல் திரையில் போடச் சொன்னோம். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "முதலில் உங்கள் கண் எங்கே போனது?" ஒரு கல்லூரி மாணவி தயங்கிச் சொன்னார்: "வலது ஓரத்துல வெள்ளையா ஏதோ இருக்கே சார், அங்கதான் போச்சு." பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ ஒருவரின் ஷூ. அடுத்தவர், "எனக்குச் சூரியன். அங்க போன கண்ணு திரும்பி வரவே இல்லை" என்றார். சூரியன் இருந்த இடம் விவரமே இல்லாத வெள்ளைப் பொத்தலாக இருந்தது. கீழ்ப்பாதியில் தேயிலைச் செடிகள் வெறும் கறுப்பு. மேகம் நடுவே மெல்லிய ஒரு பட்டை.

ஆசிரியருக்கு அதிர்ச்சி. "நான் மேகத்தைத்தானே எடுத்தேன்!" என்றார். மேகத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் திறக்கச் சொன்னேன். சூரியன் வருவதற்கு முன்பு எடுத்த ஒரு ஃப்ரேம் இருந்தது. மலை முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்தில் வெளிறிக்கொண்டே போயின. மேகத்தின் மேல்விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு. முன்னால் இருந்த தேயிலை வரிசைகள்கூட மங்கலாகத் தெரிந்தன. "இதை ஏன் விட்டுட்டீங்க சார்?" என்று அந்த மாணவியே கேட்டார். "சூரியன் இல்லையேம்மா" என்றார் அவர்.

அவர் கைவசம் நல்ல படம் இருந்தது. தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆரம்பநிலையில் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. அதனால்தான் ஒரே ஒரு படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள், அதன் அக்கம்பக்கத்துப் படங்களையும் கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். காரணத்தையும் அன்றைக்குப் பேசினோம்: சூரியன் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் அதற்கும் நிழலில் கிடக்கும் செடிக்கும் உள்ள ஒளி வித்தியாசத்தை எந்த சென்சாரும் (கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லு) ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே முறை ஒளியை வாங்கிப் படமாக்குவதில், முழுதாகப் பிடிக்காது. விடியலுக்கு முன் அந்த வித்தியாசம் குறைவு.

நம்மூர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவும் நம்மூர் ஆட்கள்தான் வேண்டும். ஐரோப்பியர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, விடிந்த பிறகும் பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நிற்கும் என்று நினைத்துப் போகிறார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறிவிடும். ட்ரைபாடை விரித்து, ஃபில்டரைத் தேடி எடுப்பதற்குள் வெளிச்சம் கடுத்துவிடும். இருட்டிலேயே இடம் பார்த்து, கேமராவைப் பொருத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாலு முறை ஏமாந்து தெரிந்துகொள்வதை, ஏற்கெனவே ஏமாந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சரி, கருத்து எப்படிச் சொல்வது? கண்டதை முதலில் சொல்லுங்கள், யோசனை அப்புறம். "கம்போசிஷன் சரியில்லை" என்பதில் எடுத்தவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. "இடது மேல்மூலை மட்டும் ஏன் இவ்வளவு கருநீலம்?" என்று கேட்டால், அகலக்கோண லென்ஸில், வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் வானம் ஒரே சீராக இருட்டாது என்ற பாடம் அந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. "வானத்துல அங்கங்க சின்னச் சின்ன புள்ளியா இருக்கே" என்றால், லென்ஸ் துளையை எஃப்/22 அளவுக்கு மிகச் சிறிதாக வைத்து எடுத்திருக்கிறார், சென்சார் தூசி தெரிகிறது என்று புரியும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி வளைந்து சிதறும் டிஃப்ராக்‌ஷனால் படமே கொஞ்சம் மழுங்கும். அதைவிடப் பெரிய துளையான எஃப்/8, எஃப்/11 பெரும்பாலான நிலக்காட்சிக்குப் போதும்.

சொல்கிற குறை எந்த வகை என்பதையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை எடுத்துவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தெரியும் கடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எடிட்டில் அரை நிமிட வேலை. கடல் அடிவானம் அரை டிகிரி சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும், எடுத்தவர் கண்ணைத் தவிர! சுவருக்குப் பின்னால் ஒரு கம்பம் முளைத்து நின்றால் அது அங்கேயே சரிசெய்திருக்க வேண்டியது; இரண்டடி தள்ளி நின்றிருந்தால் போதும். அடுத்த முறைக்கான குறிப்பு அது. வானம் இன்னும் சிவப்பாக இருக்கலாமா என்பது ருசி. மூன்றையும் ஒரே குரலில் கொட்டினால் கேட்பவர் குழம்பிப்போவார். இதில் இரண்டாவது வகைதான் உண்மையில் ஒருவரை வளர்க்கிறது. நம் குழுக்களில் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். "லென்ஸை மாத்துங்க" என்பது பெரும்பாலும் படத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டுச் சொல்லும் வார்த்தை.

மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை சார், அன்னைக்கு ரொம்பப் பனி" என்று ஆரம்பித்துவிட்டால், எல்லோரும் படத்தை விட்டுவிட்டுப் பனியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் அவர் என்ன நினைத்து எடுத்தார் என்று சொல்லட்டும். நினைத்ததற்கும் மற்றவர்கள் கண்டதற்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய வருமானம்.

நேரில் கூட முடியாதவர்களுக்கு இரண்டு குறிப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு ஷார்ப்னஸ் பேசுவது வீண். டாக்குமென்டாக அனுப்புங்கள், எடுத்த அபெர்ச்சர் (லென்ஸ் துளை அளவு), ஷட்டர் வேக விவரங்களும் கூடவே போகும். ஜிபிஎஸ் விவரமும் அதிலேயே போகும் என்பதை மறக்க வேண்டாம். கூட்டம் தாங்காத சதுப்பு நிலம், பறவைகள் கூடு கட்டும் இடம் என்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். அப்புறம், அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தில் தபால் வழி ஒளிப்படக் குழுக்கள் இருந்தன. அச்சிட்ட படங்களை ஒரு பெட்டியில் வைத்து வீடு வீடாக அனுப்புவார்கள், கிடைத்தவர் பார்த்துக் கருத்தெழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். அந்த நிதானத்தை நாமும் கொண்டுவரலாம். படம் வந்த மறுநாள் கருத்து எழுதுங்கள்.

வானத்தை மாற்றினால் குழுவில் சொல்லிவிடுங்கள். வானத்தில் கைவைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், நெகட்டிவில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்த்தார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் அதிகமாக உறைக்கும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதால் அவருக்கு வேறு வழியில்லை. இன்று ஒரு பொத்தானில் வானம் மாறுகிறது. மாற்றியதை மறைத்தால், இல்லாத வெளிச்சத்தைப் பற்றி நண்பர்கள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் நேரத்துக்குச் செய்யும் அவமரியாதை.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. மூத்தவர் ஒருவர் பத்துப் பேர் முன்னால் "இதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டதால் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். குறிப்பாகப் பெண்கள், வயதான பிறகு ஆசையோடு கற்க வந்தவர்கள். கறாராகப் பேசுவது வேறு, அவமானப்படுத்துவது வேறு. குறை படத்தில் இருக்கிறது, ஆளிடம் இல்லை. இதைக் காப்பாற்றத் தெரியாதவர் எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் குழுவில் இருக்க வேண்டியதில்லை.

கருத்து சொல்பவருக்குக் கிடைப்பதுதான் இன்னும் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அந்த மாணவி மற்றவர்கள் படங்களில் ஓரங்களைத் தேடித் தேடிப் பார்த்து, இப்போது ஷட்டரை அழுத்துமுன் வ்யூஃபைண்டரின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் படம் போடாத மாதத்திலும் கூட்டத்துக்கு வாருங்கள். யார் வீட்டிலாவது டிவியில் போட்டுப் பார்க்கலாம், ஸ்டுடியோவில் எட்டுக்குப் பன்னிரண்டு பிரின்ட் போட்டு மேஜையில் பரப்பியும் பார்க்கலாம். போன முறை பேசிய படத்தைத் திருத்தியோ அதே இடத்துக்குப் போய் மறுபடி எடுத்தோ கொண்டுவந்தவருக்கு முதல் இடம் கொடுங்கள். புதுப் படங்கள் அதற்கு அப்புறம்.