சிங்க் பொத்தானுக்குத் திஸ்ரம் தெரியாது

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண வரவேற்புகளுக்கும் காதுகுத்து விசேஷங்களுக்கும் சவுண்ட் அமைத்து, டிஜே போடுவது பல ஆண்டுகளாக என் தொழில். இப்போதெல்லாம் இளைஞர்கள் சிலர், பாட்டுகளை இணைத்து வாசிக்கும் புதுக் கன்ட்ரோலரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, சிங்க் பொத்தானை அமுக்கினா ரெண்டு பாட்டோட தாளத்தையும் அதுவே சேத்துக்குமாமே, அப்புறம் கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் தவறில்லை. கடைக்காரர் அவர்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

என்னிடம் பழகிய ஒரு தம்பி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வரவேற்பில் தனியாக நின்று வாசித்த முதல் நாளில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். குத்துப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து நிமிடத்துக்கு 128 தட்டு வேகமுள்ள நடன இசையைச் சேர்க்க நினைத்தவர், அதையே தலைமையாக வைத்துச் சிங்கை அமுக்கினார். குத்துப்பாட்டு ஆடுகிறவர் காலில் 100 என்று விழுந்துகொண்டிருந்தது. ஆனால் மென்பொருள் அதை 150 என்று கணித்து வைத்திருந்தது. 150-ஐ 128-க்கு இழுத்ததில் காலில் விழுந்த 100 தட்டு ஏறக்குறைய 85 ஆகச் சுருங்கியது. நடுப்பாட்டில் தூக்கம் வந்ததுபோல் பாட்டு தொய்ந்தது, ஆடிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். முகப்புத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் எழுந்துவந்து, "அது தகிட போட்ட பாட்டு தம்பி, நீங்க தகதிமியோட கட்டுறீகளே" என்றார். தகிட என்பது மூன்றாக எண்ணுவது, தகதிமி நான்காக எண்ணுவது. திரையைப் பார்க்காமலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தொடக்கக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியில் வாசித்தவர்களும், 2001-இல் பயனியர் சிடிஜே-1000 வந்தபிறகு சிடியில் வாசித்தவர்களும் இரண்டு பாடல்களின் தாளத்தைக் காதால் கேட்டு, கையால் சேர்த்தார்கள். இன்றைய மென்பொருள் ஒவ்வொரு பாடலையும் முன்கூட்டியே அலசி, தட்டு விழும் இடங்களில் கோடு போட்டு வைத்துக்கொள்கிறது; அதற்குப் பீட் கிரிட் என்று பெயர். சிங்க் என்பது ஒரு பாடலின் கோடுகளை மற்றதன் கோடுகள்மேல் பொருத்துவதுதான்; பாட்டை அது கேட்பதில்லை. ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசை டிரம் மெஷினிலும் கணினியிலும் செய்யப்படுவதால் தொடக்கம் முதல் முடிவு வரை வேகம் மாறாது, நான்கு நான்காக நடக்கும். அங்கே கோடு பிசகுவது அரிது.

நம் பாடல்கள் அப்படியல்ல. எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களை வாத்தியக்காரர்கள் கூடி அமர்ந்து நேரில் வாசித்துப் பதிவு செய்தார்கள். பல்லவியில் ஒரு வேகமும் சரணத்தில் சற்றே இழைந்த வேகமும் இருக்கும், அதுதான் அவற்றின் உயிர். நேராக இழுத்த கோடு அரை நிமிடத்தில் விலகிப் போய்விடும். குத்துப்பாட்டுகளில் பெரும்பகுதி திஸ்ர நடை. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். அந்தச் சின்னத் தட்டுகளை மூன்று மூன்றாக எண்ணாமல் இரண்டிரண்டாக எண்ணிவிட்டால் 100 என்பது 150 ஆகத் தெரியும். பல மென்பொருள்களில் வேகத்தை இரட்டிப்பாக்கவும் பாதியாக்கவும் மட்டுமே பொத்தான் உண்டு. இந்தப் பிழைக்கு அவை உதவாது. மூன்று எக்ஸ் போட்டு எழுதப்படும் மிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் மூன்றில் இரண்டு பங்காக்கும் வசதி இருக்கிறது. மற்றவற்றில் டேப் (tap) பொத்தானைக் காலின் தாளத்துக்குத் தட்டி, கோட்டை நாமே திருத்திச் சேமித்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு இந்த வேலையைச் செய்யாதவர் மறுநாள் மேடையில் செய்ய முடியாது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் மாதம் சிங்க் கிடையாது. திரையில் வேகம் காட்டும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவேன். முதலில் பாட்டைப் போட்டுவிட்டு, தகிடவா தகதிமியா என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி இருக்கிறது என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு, ஒரு வாரத்தில் கூச்சம் போய்விடும். பிறகு 96-லும் 100-லும் ஓடும் இரண்டு பாடல்களைக் கொடுப்பேன். ஒன்று பாக்ஸில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) ஓட, மற்றொன்றை ஹெட்போனின் ஒரு காதில் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்பிடியான வேகப் பேடரைச் சுமார் நான்கு சதவீதம் ஏற்றி, ஜாக் வீல் என்ற சுழல்வட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளிச் சேர்க்க வேண்டும். இரண்டு டிரம்மும் முதலில் குதிரைக் குளம்புபோல் முன்னும் பின்னுமாகக் கேட்கும். சேரும் நொடியில் ஒரே அடியாக இறுகும். அந்த இறுக்கத்தை ஒருமுறை காது பிடித்துவிட்டால், பிறகு சிங்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நானும் பயன்படுத்துகிறேன்.

இதற்குப் புளூடூத் ஹெட்போன் உதவாது. அதில் ஒலி வந்து சேர 150 மில்லி வினாடி தாமதமாவது சாதாரணம். 120 வேகப் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 500 மில்லி வினாடிதான். கம்பி வைத்த ஹெட்போன் மலிவானதாக இருந்தாலும் போதும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹெர்குலிஸ், நியூமார்க், பயனியர் ஆகியவற்றின் தொடக்கநிலை இரண்டு சேனல் கன்ட்ரோலர் எதுவும் சரி; சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறதா, பாக்ஸுக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி வெளியீடு உண்டா என்று மட்டும் பாருங்கள். கடன் வாங்கிப் பெரிய செட் வாங்காதீர்கள். வேறு இடத்துச் செட்டில் வாசிக்கப் பென் டிரைவ் கொண்டுபோனால், பழைய பிளேயர்களும் படிக்கும்படி பேட்32 (FAT32) வடிவத்தில் பார்மேட் செய்துகொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனிப் பாடம் உண்டு. நகரத்தார் வீட்டு வளவில் (உள்முற்றப் பகுதியில்) ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான கல் தூண், பர்மாத் தேக்கு எல்லாமே ஒலியை உள்வாங்காமல் திருப்பி எறியும். கண்ணாடிபோல் இழைத்த அந்தச் சுவரில் கை தட்டிப் பார்த்தால் தட்டிய சத்தம் திரும்பி வருவது தெளிவாகக் கேட்கும். தொடக்கக்காரர் அந்த எதிரொலியில் தாளம் குழம்பியதும், கேட்கவில்லை என்று எண்ணி மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை ஏற்றுவார். ஏற்ற ஏற்ற எதிரொலியும் ஏறும், குழப்பம் தீராது. பாக்ஸைச் சுவரைப் பார்க்க வைக்காமல் ஆட்கள் நிற்கும் பக்கம் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி, விரிப்பு ஜமுக்காளத்தைத் தரையில் போட்டு, பாஸை (அடித்தொனியை) குறைத்தாலே பாதி தெளிந்துவிடும். பழைய பாடலிலிருந்து புதுப் பாடலுக்குப் போகும்போது சத்தப் பேடரைத் தொடுவதற்கு முன், உள்ளே வரும் பாட்டின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைச் சரிசெய்யுங்கள். புதுப் பாடல்கள் பெரும்பாலும் அதிகச் சத்தத்தில் பதிவானவை. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலியின் முனை வெட்டுப்படுகிறது என்று பொருள், அது சத்தம் கூடியதற்கான பெருமை விளக்கு அல்ல.

இனிச் சொல்வது என் சொந்தக் கதை. தொழிலுக்கு வந்த புதிதில் பாக்ஸுக்கு அடியிலேயே நின்று, ஹெட்போனையும் முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் வாசிப்பேன். வீட்டுக்கு வந்து படுத்தால் காதில் 'ங்கீ' என்று ஓடும். காலையில் போய்விடும் என்பதால் கவலைப்படவில்லை. ஒரு நாள் போகவில்லை. காது பரிசோதனை செய்தபோது வரைபடக் கோடு 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கியிருந்தது. பெருஞ்சத்தத்தால் வரும் பாதிப்பின் அடையாளம் அதுதான் என்றார் பரிசோதித்தவர். அந்தப் பள்ளம் இனி நிரம்பாது. தொழிலிடங்களில் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கல்யாண வீட்டில் பாக்ஸ் அருகே 100 என்பது பெரிய விஷயமே இல்லை. இசைக்கென்றே விற்கும் காதடைப்பான் தாளத்தைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். அது இல்லாமல் என்னிடம் பழகுகிறவர்கள் கருவியைத் தொட முடியாது.

சத்தத்துக்குச் சட்டமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. பத்து மணிக்குப் பட்டென்று நிறுத்தினால் கூட்டம் முணுமுணுக்கும். அதனால் 9.40-க்கே வேகத்தையும் சத்தத்தையும் படிப்படியாக இறக்கி, மெலடிகளுக்கு வந்துவிடுவேன். பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார் பேசுவது மிக்சர் பக்கத்தில் நிற்கும் எனக்குக் கேட்கத் தொடங்கினால், அளவு சரியாக இறங்கியிருக்கிறது என்று கணக்கு.