ஷேடோ கவுன்சில்: நிழல் மன்றமா, ஆயத்தநிலை மன்றமா?

வேல்ஸ் நாட்டின் உள்ளாட்சி வரலாற்றைத் தமிழில் எழுத முனைபவர் 1995ஆம் ஆண்டுக்கு வந்ததும் ஒரு சொல்லில் இடறுவார். அவ்வாண்டு மே 4 அன்று அங்கே 22 புதிய மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது, வாக்குகள் எண்ணப்பட்டன, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், மன்றங்கள் கூடித் தலைவர்களையும் தெரிவு செய்தன. ஆயினும் ஒரு தெருவிளக்கை எரியவைக்கும் அதிகாரம்கூட அன்று அவற்றுக்கு இல்லை. 1996 ஏப்ரல் 1 அன்றுதான் அதிகாரம் அவற்றின் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினொரு மாதங்கள் அந்த மன்றங்கள் இருந்த நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் ஷேடோ கவுன்சில் என்றும், ஷேடோ அத்தாரிட்டி என்றும் சொல்கிறார்கள். அகராதியைப் பார்த்து இதை ‘நிழல் மன்றம்’ என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் தமிழ் வாசகர் எதைப் புரிந்துகொள்வார் என்பதே இங்கு ஆராய வேண்டியது.

சொல்லின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். உள்ளாட்சி எல்லைகள் சட்டத்தால் மாற்றியமைக்கப்படும்போது, புதிய அமைப்புக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, குறிப்பிட்ட ஒரு நாளில் முழுப் பொறுப்பையும் ஏற்கவிருக்கிற, அதுவரை அதற்கான ஏற்பாடுகளை மட்டும் செய்கிற மன்றமே ஷேடோ கவுன்சில் ஆகும். பொறுப்பு கைமாறும் அந்த நாள் வரை பழைய மன்றங்கள் வழக்கம்போல் இயங்கும்; அவற்றின் அதிகாரத்தில் புதிய மன்றம் தலையிட இயலாது. நாள் வந்ததும் பழையவை சட்டப்படி இல்லாமல் போகும். புதியதன் பெயரில் ஒட்டியிருந்த ‘ஷேடோ’ என்ற அடைமொழியும் உதிர்ந்துவிடும். மன்றம் அதேதான், உறுப்பினர்களும் அவர்களேதான். அதற்கென்று இன்னொரு தேர்தல் நடப்பதில்லை.

இந்த நிலை ஏன் தேவைப்பட்டது என்பதை வேல்ஸின் வரைபடமே சொல்லும். 1974 ஏப்ரல் 1 முதல் அங்கே இரண்டு அடுக்கு உள்ளாட்சி நடைமுறையில் இருந்தது. மேலே 8 கவுண்டிகள், கீழே 37 மாவட்டங்கள். பள்ளிக்கல்வி, சமூக நலப்பணிகள், முதன்மைச் சாலைகள் போன்றவை கவுண்டியிடமும், குடியிருப்பு வீடுகள், குப்பை அகற்றல் போன்றவை மாவட்டத்திடமும் இருந்தன. யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் ஒருபுறம். கார்மர்தன்ஷயர், பெம்புரோக்ஷயர் போன்ற தொன்மையான பெயர்கள் டைவெட் என்ற புதுக் கவுண்டிக்குள் கரைந்துபோனதில் ஏற்பட்ட மனக்குறை மறுபுறம். 1994இல் நிறைவேறிய வேல்ஸ் உள்ளாட்சிச் சட்டம் இந்த இரண்டு அடுக்குகளையும் நீக்கி, 22 மன்றங்களிடம் எல்லாப் பணிகளையும் ஒப்படைத்தது. அவற்றில் 11 கவுண்டிகள், 11 கவுண்டி பரோக்கள். பெயரில்தான் வேறுபாடு, அதிகாரத்தில் இல்லை. டைவெட் மூன்றாகப் பிரிந்து பழைய பெயர்கள் மீண்டன; 1974இல் கவுண்டி பரோ என்ற தகுதியை இழந்திருந்த மெர்தர் டிட்வில் அதை மறுபடி பெற்றது.

ஆக, 1995 மே மாதத்திலிருந்து 1996 மார்ச் முடிய வேல்ஸில் ஒரே நேரத்தில் 67 மன்றங்கள் இருந்தன: வெளியேறப்போகும் 45, உள்ளே வரப்போகும் 22. கார்மர்தன் நகரில் குடியிருந்த ஒருவருக்கு டைவெட் கவுண்டி மன்றத்தில் ஒரு பிரதிநிதி, கார்மர்தன் மாவட்ட மன்றத்தில் ஒரு பிரதிநிதி, இன்னும் அதிகாரம் பெறாத கார்மர்தன்ஷயர் மன்றத்தில் ஒரு பிரதிநிதி என்று மூன்று நிலைகளில் ஆள் இருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் யார் எவர் என்று பிரித்தறிய ஓர் அடைமொழி கட்டாயமாயிற்று. கார்டிஃப், நியூபோர்ட், போவிஸ் ஆகியவற்றில் இந்தத் தேவை இன்னும் கூடுதலாக இருந்தது. போவிஸ் என்பது வெளியேறும் கவுண்டியின் பெயர், வரவிருக்கும் மன்றத்தின் பெயரும் அதுவே. கார்டிஃப் என்ற பெயரில் பழைய மாவட்ட மன்றமும் இருந்தது, புதிய மன்றமும் இருந்தது. ‘கார்டிஃப் மன்றம் தீர்மானித்தது’ என்று 1995 அக்டோபரில் ஒருவர் எழுதினால், எந்தக் கார்டிஃப் என்று கேட்காமல் மேலே படிக்க முடியாது. ‘ஷேடோ’ என்ற ஒட்டு முதலில் இந்த ஐயத்தைத் தீர்க்கும் நடைமுறைக் கருவி.

அந்தப் பதினொரு மாதங்களில் இம்மன்றங்கள் சும்மா இருக்கவில்லை. தலைமை நிர்வாகியையும் துறைத் தலைவர்களையும் நியமிக்க வேண்டும். கலையவிருக்கும் கவுண்டிகளிலும் மாவட்டங்களிலும் வேலை பார்த்த ஆசிரியர், பொறியாளர், எழுத்தர் அனைவரும் எந்த மன்றத்துக்குப் போவார்கள் என்று முடிவு செய்ய வேண்டும். கட்டடங்களையும் கடன்களையும் பங்கிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு வரவுசெலவுத் திட்டம் போட்டு, கவுன்சில் வரி எவ்வளவு என்று அறிவிக்க வேண்டும். பிரிட்டனின் அரசு நிதியாண்டும் நம்முடையதைப் போல ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. இந்தியா அந்த வழக்கத்தை அங்கிருந்துதான் பெற்றது. 1974ஆக இருந்தாலும் 1996ஆக இருந்தாலும் வேல்ஸின் கைமாற்றம் அதே நாளில் அமைந்ததற்குக் காரணம் இதுவே. ஏப்ரல் 1 காலையில் பள்ளி திறக்க வேண்டும், குப்பை வண்டி ஓட வேண்டும். அதற்கான பணத்தை அதற்கு முந்தைய மாதங்களிலேயே ஒதுக்குவதற்கு மக்கள் ஆணை பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். அதனால்தான் தேர்தல் முன்னதாகவும் பொறுப்பேற்பு பின்னதாகவும் நடந்தன. 1974 மாற்றத்துக்கு முன்னும் இப்படியே 1973இல் தேர்தலை முடித்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஷேட், ஷேடோ என்ற இரு ஆங்கிலச் சொற்களும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் வேற்றுமை வடிவங்களாக இருந்து பின்னர் பிரிந்தவை. வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஒன்றாயிற்று. உருவம் தரையில் வீழ்த்தும் கரிய வடிவம் மற்றொன்றாயிற்று. இந்த இரண்டாவதிலிருந்து, ஓர் உருவத்தை அடியொற்றி உடன் செல்வது என்ற வினைப்பொருள் கிளைத்தது. ஷேடோ கேபினெட் என்ற வழக்கு இதிலிருந்து வருகிறது: ஆளும் கட்சியின் ஒவ்வோர் அமைச்சருக்கும் எதிரே, அதே துறையைக் கவனித்து விமரிசிக்கும் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் நிற்பார். தமிழில் ‘நிழல் அமைச்சரவை’ என்று அது நெடுங்காலமாக வழங்குகிறது, பொருத்தமாகவும் இருக்கிறது.

ஆனால் ஷேடோ கவுன்சில் என்னும்போது உருவகம் சற்று நகர்ந்துவிடுகிறது. நிழல் அமைச்சரவை தேர்தலில் தோற்றவர்களின் அவை; ஷேடோ கவுன்சில் தேர்தலில் வென்றவர்களின் அவை. முன்னது என்றேனும் ஆட்சிக்கு வரலாம், வராமலும் போகலாம். பின்னது இந்த நாளில் வரும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. 1995இல் வேல்ஸில் பாதிக்கும் மேற்பட்ட புதிய மன்றங்களில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றது. மறுசீரமைப்பைத் திட்டமிட்டுச் சட்டமாக்கிய கன்சர்வேட்டிவ் கட்சிக்கு, தான் உருவாக்கிய 22 மன்றங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த முடிவைத் தமிழில் ‘தொழிற்கட்சி நிழல் மன்றங்களைக் கைப்பற்றியது’ என்று எழுதினால், லண்டனில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சி வேல்ஸிலும் ஏதோ எதிர்க்கட்சி வரிசையைப் பிடித்ததாகவே வாசகர் எண்ணுவார். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறானது.

வேல்ஸ் மொழியில் மன்றத்துக்குக் கங்கோர் என்று பெயர். ஷேடோ என்பதற்கு அவர்கள் கஸ்கோட் என்ற சொல்லிலிருந்து ஆக்கிய பெயரடையைப் பயன்படுத்துகிறார்கள். அம்மொழியில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். கஸ்கோட் என்பதற்கு நிழல் என்பதோடு ஒதுக்கிடம், காப்பு என்ற பொருள்களும் உண்டு. அந்த வகையில் அது ஆங்கிலச் சொல்லைவிட நம்முடைய ‘நிழல்’ என்ற சொல்லுக்கே நெருக்கமானது. நம் பழம்பாடல்களில் அரசனின் குடைநிழல் என்பது ஆட்சியின் தண்ணளியைக் குறித்தது. ‘உங்கள் நிழலில் வாழ்கிறேன்’ என்பது இன்றும் பேச்சில் உண்டு. ஆனால் அரசியல் எழுத்தில் அந்தக் குளிர்ச்சி மறைந்துவிட்டது. ‘நிழல் அரசு’ என்றால் திரைமறைவில் இருந்து ஆட்டுவிக்கும் கூட்டம். ‘நிழல் உலகம்’ என்றால் தாதாக்களின் உலகம். இவற்றோடு ‘நிழல் மன்றம்’ சேர்ந்தால், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவைமீது காரணமில்லாமல் கறை படியும்.

சரி, வேறு எப்படிச் சொல்லலாம்? ‘இடைக்கால மன்றம்’ என்று எழுதுவோர் உண்டு. இடைக்கால அரசு என்பது நிலையான அரசு அமையும் வரை இருந்துவிட்டு விலகிக்கொள்வது. இங்கோ காலம்தான் இடைக்காலமே தவிர, மன்றம் இடைக்காலமானது அன்று. 1995இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 1999 மே மாதத் தேர்தல் வரை பதவியில் இருந்தார்கள். ‘தற்காலிக மன்றம்’ என்பதும் இதே காரணத்தால் விழுந்துவிடுகிறது. ‘காபந்து மன்றம்’ என்பது தவறு மட்டுமன்று, தலைகீழான தவறு. காபந்து அரசிடம் அதிகாரம் இருக்கும், மக்கள் ஆணை தீர்ந்துபோயிருக்கும். ஷேடோ கவுன்சிலிடம் ஆணை புதிதாக இருக்கும், அதிகாரம் வந்திருக்காது. அந்த மாதங்களில் காபந்து என்ற சொல்லுக்கு ஓரளவேனும் உரியவை வெளியேறிக்கொண்டிருந்த பழைய 45 மன்றங்களே.

தமிழ்நாட்டு நடைமுறையில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே உள்ளாட்சி அமைப்பின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் தள்ளிப்போனாலோ, ஊரைத் தரம் உயர்த்திப் புதிய அமைப்பை ஏற்படுத்தினாலோ, இடைவெளியை நிரப்புபவர் ‘தனி அலுவலர்’. முதலில் அமைப்பு மாறும், தேர்தல் பிறகு வரும். வேல்ஸில் தேர்தல் முதலில், மாற்றம் பிறகு. இல்லாத நடைமுறைக்குச் சொல் இல்லாமற்போனதில் வியப்பில்லை.

எனவே ‘ஆயத்தநிலை மன்றம்’ என்ற சொல்லாட்சியை முன்வைக்கிறேன். வெறுமனே ‘ஆயத்த மன்றம்’ என்றால் கடையில் தொங்கும் ஆயத்த ஆடையைப் போல ஏற்கெனவே தைத்து முடித்த மன்றம் என்று பொருள்பட்டுச் சிரிப்புக்கு இடமாகும். ‘நிலை’ என்பதைச் சேர்த்தால் இரண்டு நன்மைகள்: மன்றம் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறது என்பது தெளிவாகிறது; இது தனியான ஓர் அமைப்பு அன்று, அதே மன்றத்தின் முதற்கட்டம் என்பதும் விளங்குகிறது. ஆயத்தம் என்பது வடசொல் அடியாயிற்றே என்று தயங்குவோர் ‘அணியநிலை மன்றம்’ எனலாம். ஆனால் ஈழத்தமிழரின் அன்றாடப் பேச்சிலேயே ‘ஆயத்தம்’ புழங்குவதால், அதைக் கைவிட வேண்டிய தேவையை நான் காணவில்லை. மன்றம் என்பதற்குப் பதிலாகச் சபை என்று எழுதுவது இலங்கை வழக்குக்கு ஏற்றது. பிரதேச சபை, மாநகர சபை என்று பழகியவர்களுக்கு ‘ஆயத்தநிலைச் சபை’ இயல்பாகவே ஒலிக்கும்.

இந்தச் சொல்லோடு கூடவே வரும் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். 22 மன்றங்களையும் ஆங்கிலத்தில் யூனிட்டரி அத்தாரிட்டி என்பார்கள். யூனிட்டரி என்றதும் ‘ஒற்றையாட்சி’ என்று எழுதக் கை ஓடும். இலங்கை அரசியலமைப்பைப் பற்றி எழுதிப் பழகியவர்களுக்கு நிச்சயமாக ஓடும். அங்கே அது நாட்டின் இறைமை எங்கே குவிந்திருக்கிறது என்ற கனத்த கேள்வி. இங்கே விஷயம் மிகச் சிறியது: இரண்டு அடுக்குகளாக இருந்த உள்ளாட்சிப் பணிகள் ஓர் அடுக்கில் சேர்ந்தன, அவ்வளவே. ‘ஓரடுக்கு மன்றம்’ என்று எழுதினால் போதும். இதற்கும் கீழே கம்யூனிட்டி கவுன்சில் என்ற சிற்றூர் மன்றங்கள் பல இடங்களில் உண்டு என்பதால் ‘ஓரடுக்கு’ என்பது நூற்றுக்கு நூறு உண்மையன்று. ஆயினும் ஆங்கிலச் சொல்லும் அதே அளவுக்குத்தான் உண்மை.

பயன்பாட்டில் நினைவில் கொள்ள வேண்டியவை சில. அடைமொழி காலத்துக்குக் கட்டுப்பட்டது: ‘1995 நவம்பரில் சுவான்சி ஆயத்தநிலை மன்றம் கூடியது’ என்பது சரி, 1996 மே மாதத்து நிகழ்ச்சிக்கு ‘சுவான்சி மன்றம்’ என்று மட்டுமே எழுத வேண்டும். தேர்தல் ஆண்டையும் பொறுப்பேற்ற ஆண்டையும் கலந்து ‘1996 தேர்தல்’ என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. அவ்வாண்டு இம்மன்றங்களுக்குத் தேர்தலே இல்லை. பொறுப்பு கைமாறும் நாளை ஆங்கிலத்தில் வெஸ்டிங் டே என்பார்கள்; ‘பொறுப்பேற்பு நாள்’ என்பது அதற்கு முழுப் பொருத்தம். இங்கிலாந்தில் 2022 மே மாதம் கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து–ஃபர்னஸ் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்து, 2023 ஏப்ரல் 1 அன்று அவை பொறுப்பேற்றபோதும் இதே ஏற்பாடும் இதே சொல்லும் வந்தன. ஆகவே இச்சொல் வேல்ஸ் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. இனி வரும் செய்திகளிலும் எதிர்ப்படும்.

1994 சட்டம் ரெசிடுவரி பாடி என்ற இன்னோர் அமைப்பையும் வேல்ஸுக்கு ஏற்படுத்தியது. கலைந்துபோன மன்றங்களின் சொத்துகளில் எந்தப் புதிய மன்றத்துக்கும் நேரே போய்ச் சேராதவற்றைக் கையாள்வது அதன் வேலை. ஆயத்தநிலை மன்றம் கைமாற்றத்துக்கு முன்னால் இயங்குவது. இது பின்னால் இயங்குவது. ‘எஞ்சிய சொத்து அமைப்பு’ என்று தமிழில் சொன்னால் அதன் பணி விளங்கிவிடும்.