பிள்ளையை ‘மாற்ற’ டாக்டரிடம் கூட்டிப்போகலாமா?

நகரத்தார் வீடுகளில் கல்யாணம் ஆனால்தான் பிள்ளை ஒரு புள்ளி. கோயில் கணக்கில் அப்போதுதான் பேர் ஏறும். அப்படிப்பட்ட வீட்டில் மகன், “எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு” என்று சொன்னால், அப்பச்சி (அப்பா) முதலில் விசாரிப்பது மதுரையில் நல்ல மனநல டாக்டர் யார் என்றுதான். போகலாம், தப்பில்லை. ஆனால் “மாற்றித் தருகிறேன்” என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது.

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பாலீர்ப்பை ‘மாற்றும்’ இந்தச் சிகிச்சையைத் தடை செய்தார், செய்பவரின் உரிமத்தையே பறிக்கலாம் என்றார். (தீர்ப்புக்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து விவரம் கேட்டுக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களும் அதைச் செய்யலாம்.) 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990லேயே எடுத்துவிட்டது.

சரி, பிறகு கவுன்சலிங் எதற்கு? தூக்கம் போய்விட்டது, சாகலாம் போலிருக்கிறது, பெண் பார்க்க வரச் சொல்கிறார்கள், முருகன் ஒதுக்கிவிடுவாரோ என்ற பயம். இதற்கெல்லாம்தான். நல்ல உளவியலாளர் முதலில் பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வார். “நீ இன்னதுதான்” என்று முத்திரை குத்த மாட்டார். வீட்டில் சொல்லிவிடு என்றும் அவசரப்படுத்த மாட்டார், சாமி கும்பிடுவதை விடச் சொல்லவும் மாட்டார். “ஒரு கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்” என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த யோசனையில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது. பேசியது ரகசியம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. 18 வயது தாண்டியவரை வீட்டார் கையெழுத்தை மட்டும் வைத்து உள்நோயாளியாகச் சேர்க்க முடியாது.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. தெரிந்தவர் கண்ணில் படத் தயங்கினால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாற்றுகிறேன் என்று யாராவது மருந்து எழுதினால் சீட்டைக் கிழிக்காதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் இலவசச் சட்ட உதவி எண் 15100இல் கேளுங்கள்.