ஒரே தூரின் ஆயிரம் விதைகள்

காட்டுப் புல்லின் விதை என்று ஒரு பை வந்து சேர்ந்தால், எடை போடுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை செடிகளிலிருந்து எடுத்தீர்கள்? செழித்து நின்ற ஒரே தூரிலிருந்து உருவி நிரப்பிய பை, விதை வங்கிக்கு ஏறத்தாழ வெறும் பைதான்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. புகையான் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோய் 1970களில் ஆசிய நெல் வயல்களை வாட்டியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புத் திறன் கிடைத்தது ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரேயொரு மாதிரியில். அதிலும் சில செடிகளில் மட்டும். மணி உதிரும், சோற்றுக்கு உதவாத புல் அது. அதன் மரபணுதான் 1976இல் வெளியான ஐ.ஆர். 36 போன்ற நெல் ரகங்களுக்குள் சென்றது. சேகரித்தவர் அந்தச் சில செடிகளைத் தாண்டிப் போயிருந்தால்?

கோதுமையின் நிலை இன்னும் இறுக்கம். 28 குரோமோசோம் கொண்ட பயிர்க் கோதுமையும் 14 குரோமோசோம் கொண்ட ஏஜிலாப்ஸ் டௌஷி என்ற காட்டுப் புல்லும் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகக் கலந்ததில் பிறந்தது, இன்றைய 42 குரோமோசோம் ரொட்டிக் கோதுமை. அந்தக் கலப்பு மிகச் சில முறையே நடந்தது. ஆகவே அந்தப் புல்லின் வளத்தில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிட்டது. இப்போது ஆய்வாளர்கள் அதே கலப்பைக் கையால் மீண்டும் செய்து, விடுபட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவருகிறார்கள்.

பயிருக்கும் புல்லுக்கும் உள்ள உறவைத் தோற்றத்தால் எடை போடாதீர்கள். நானே தொடக்கத்தில் ஏமாந்தவன். நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலி இனக் களை, உண்மையில் சோளம், மக்காச்சோளத்தின் பக்கத்தைச் சேர்ந்தது. இலையும் உறையும் சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு உண்டு, இதற்கு இராது. மறுபுறம், கதிரே வேறாகத் தெரியும் டியோசின்டே என்ற காட்டுப் புல் மக்காச்சோளத்தோடு எளிதில் கலக்கும். மரபணு வரிசையும் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்: புற்களில் பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பின்) மரபணு வரிசை பெரும்பாலும் தாய்வழியையே சொல்லும், தந்தை யாரென்று சொல்லாது.

வயலோரக் காட்டு நெல்லில் பயிரின் மகரந்தம் கலந்திருக்கலாம் என்பதால், வயலிலிருந்து விலகிய குட்டைகளிலும் எடுங்கள். ஐம்பது செடிகளாவது, ஒவ்வொன்றிலும் சில மணிகள். செடிகளின் எண்ணிக்கையைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.