குரோம் தோலுக்குத் தடை இல்லை, குரோம் சிக்ஸுக்குத்தான்

பேரணாம்பட்டிலிருந்து ஆந்திரா எல்லை எட்டிப் பார்க்கும் தூரம்தான். தோலைப் பதனிடக் குரோம் உப்பு போடும் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் இன்னும் பலர் "ஐரோப்பாக்காரன் குரோமையே தடை பண்ணிட்டான்" என்கிறார்கள். அப்படி இல்லை.

2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள விதி இதுதான்: செருப்பு, பெல்ட், கையுறை மாதிரி உடம்பில் படும் பொருளில் இருக்கும் தோலில், உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ குரோம் சிக்ஸ் (ஆறாம் வகைக் குரோமியம்) இருந்தால் அங்கே விற்கக் கூடாது. போடுபவர் சருமத்தில் அலர்ஜி வரும் என்பதுதான் காரணம். ஆனால் நாம் டிரம்மில் போடும் குரோம் பவுடர் மூன்றாம் வகை, அதற்குத் தடை கிடையாது. சிக்கல் என்னவென்றால், அந்த மூன்று பின்னாடி நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆறாக மாறிவிடுகிறது.

மாற்றுவது பெரும்பாலும் எண்ணெய்தான். ஃபேட் லிக்கரில், அதாவது தோலை மிருதுவாக்கப் போடும் எண்ணெய்க் கலவையில், மீன் எண்ணெய் சேர்ந்தால், அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு காற்றுபட்டுக் கெட்டு, குரோமையும் ஆக்சிஜனேற்றி விடுகிறது. அப்புறம் இன்னும் இரண்டு காரணங்கள்: நியூட்ரலைசேஷனில் (தோலின் அமிலத்தைக் குறைக்கும் கட்டத்தில்) காரத்தை அதிகம் ஏற்றுவது, சாயம் உள்ளே இறங்கட்டும் என்று அமோனியா ஊற்றுவது. ஓரத்தை வெட்டி இண்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டதும் வெட்டுவாய் முழுக்க நீலமாகிவிட்டால், அதாவது உள்வரை பிஹெச் ஏறிவிட்டது என்று தெரிந்தால், நான் அந்த லாட்டைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன். கடைசியில் ஃபார்மிக் அமிலம் போட்டு பிஹெச்சை 4க்குக் கீழே இறக்கி, நன்றாகக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

ரீடேனிங்கில் (மறுபதனிடும் கட்டத்தில்) 1 முதல் 3 சதவீதம் வாட்டில், தாரா மாதிரி பட்டை, காய்ச் சாறு சேர்த்தால் பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் அந்த டேனின் தானே ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். குரோம் வந்ததும் நம் ஆட்கள் ஓரங்கட்டிய கடுக்காயும் ஆவாரம்பட்டையும் இதே சாதிதான்!

இன்னொன்று, புதுத் தோல் லேபில் பாஸ் ஆவதை நம்பாதீர்கள். எங்கள் லாட் ஒன்று இங்கே பாஸாகி, அங்கே போய் ஃபெயிலாகித் திரும்பி வந்தது. கன்டெய்னர் சூடும் வறட்சியும் வழியிலேயே வேலையைக் காட்டிவிட்டன. 80 டிகிரியில் 24 மணி நேரம் வறட்சியில் வைத்து, அதற்குப் பிறகு குரோம் சிக்ஸை அளக்கும் ஐஎஸ்ஓ 17075 முறைப்படி பார்த்துத் தரும்படி லேபில் கேளுங்கள்.