ஜெபக்குறிப்பில் எழுதக் கூடாத பெயர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்தில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். முன்பு இடைநிலைப் பள்ளியில் வேலை பார்த்ததால் ஊரில் எனக்கு இன்னும் 'டீச்சர்' என்றுதான் பெயர். பட்டணத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்தச் சபை என்று தெரிந்துவிடும். சபை தெரிந்தால், எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க இங்கே அரை மணி நேரம் போதும். சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

2024 மே மாதத் தொடக்கம். அமெரிக்காவின் சார்லட் நகரில் கூடிய ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் பொது மாநாடு, தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் போதகராக்கக் கூடாது என்ற தடையை 692-க்கு 51 என்ற வாக்கில் நீக்கியது. 'கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது' என்று 1972 முதல் அவர்களுடைய சட்டநூலில் இருந்த வரியும் மறுநாள் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில், "நம்ம சபை சட்டத்தையே மாத்திட்டாங்களாம்" என்று செய்தி ஓடியது.

மாற்றவில்லை. எங்கள் சபை சேர்ந்த மலேசிய, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை 1968-லேயே தன்னாட்சி பெற்றுவிட்டது. அமெரிக்காவில் ஐக்கிய மெதடிஸ்ட் சபை உருவானதும் அதே ஆண்டில்தான். சார்லட்டில் போட்ட ஓட்டு இங்கே யாரையும் கட்டாது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் என்ற இங்குள்ள சபையின் நிலைப்பாடு அப்படியேதான் இருக்கிறது. அந்த வாரப் பிரசங்கத்தில் பாஸ்டர் இதைச் சொல்லவும் செய்தார். ஆனால் அதற்குள் எல்லாரும் ஃபார்வர்டைப் படித்து முடித்திருந்தார்கள்.

அமெரிக்கக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2019-இல் செயின்ட் லூயிஸில் நடந்த சிறப்பு மாநாட்டில் இதே தடையை இன்னும் இறுக்கியவர்கள் 438 பேர், எதிர்த்தவர்கள் 384 பேர். வெளியேற விரும்பும் சபைகள் சொத்தோடு போகலாம் என்று 2023 இறுதிவரை ஒரு வழி திறந்து வைத்தார்கள். 7,600-க்கும் மேற்பட்ட சபைகள், அதாவது அங்குள்ளவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, போயே விட்டன. பலர் 2022 மே மாதம் தொடங்கிய குளோபல் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் ஓட்டு இப்படித் தலைகீழானதற்கு அந்த வெளியேற்றமும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் 'பிரிவு' என்ற சொல்லுக்கு வேறு கனம் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டங்கள் கைமாறியபோது, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் இருந்த சிற்றாலயமும் கோயிலும் சேர்ந்தே போயின. நான்கு தோட்டத்து ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து, ஒன்றாகக் கூடின இடம்தான் இந்தப் பட்டணத்துச் சபை. செயற்குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவரின் அப்பா, பால்வெட்டுக் கூலியிலிருந்து மாதாமாதம் எடுத்து வைத்துத்தான் கூரைக்குக் காசு கொடுத்தாராம். "டீச்சர், வேதத்தையும் விட்டுட்டா நமக்கு என்ன மிச்சம்?" என்று அவர் கேட்டபோது அவரிடம் வெறுப்பு எதுவும் தெரியவில்லை. இழந்து பழகிய மனுஷனின் பயம்தான் தெரிந்தது.

ஆராதனை முடிந்து, மண்டபத்தில் நாசி லெமாக்கோடு விவாதம் தொடங்கியது. கண்டன அறிக்கை விடவேண்டும் என்றார்கள் சிலர். இதைப் பேசினாலே சபை உடையும், பேசாமல் இருப்போம் என்றார்கள் சிலர். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது" என்றார் ஒரு அண்ணன். எனக்கு யாப் கிம் ஹாவ் ஞாபகம் வந்தது. 1968-இல் இந்தச் சபைக்கு முதல் ஆசியப் பேராயராக வந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பு உள்ள கிறிஸ்தவர்களுக்காக வெளிப்படையாக நின்றவரும் அவரேதான். 2017-இல் காலமானார். சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. அது என் கோழைத்தனம்.

மண்டபத்தின் ஓரத்தில், பாட்டு வரிகளைத் திரையில் போடும் பையன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. ஒரே வயரைச் சுருட்டிப் பிரித்து மறுபடி சுருட்டினான்.

மூன்று வாரம் கழித்து அவன் அம்மா என்னிடம் வந்தார். மகன் வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவர் அழுதுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்: மாதர் சங்கக் குழுவில் ஜெபக்குறிப்பு போட்டார். "மகனுக்காக ஜெபியுங்கள், தவறான பழக்கம்." ஒருவர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவரிடம் மட்டும் சொன்னார். புதன்கிழமை ஈப்போவிலிருந்து சின்னம்மா போன் செய்து அழுதாள். அடுத்த ஞாயிறு புரொஜெக்டர் முன்னால் வேறொரு பையன்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த மாதர் சங்கத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உண்மையாகவே முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஆனால் நம் சபைகளில் ஒரு ரகசியம் ஊராகும் பாதை பெரும்பாலும் ஜெபக்குறிப்பு வழியாகத்தான் போகிறது. 'ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்' என்று ஆரம்பித்துவிட்டால் நமக்குக் குற்ற உணர்வே வராது. நம் நாட்டில் இது வெறும் வம்புப் பேச்சு அல்ல. தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுகளின்படி சில உடலுறவுச் செயல்களுக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. ஒருவனுடைய ஈர்ப்பு குற்றமல்ல. ஆனால் வெளியான பெயரை வைத்து யாரும் மிரட்டலாம். அவன் உங்களிடம் சொன்னது உங்களிடம் மட்டும்தான். தகப்பனிடம், பாஸ்டரிடம், அக்காவிடம் சொல்வதென்றால் முதலில் அவனிடம் கேளுங்கள்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவது, "இது வியாதியா?" இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாத்திரையும் கிடையாது. பிசாசு துரத்தும் கூட்டத்துக்குக் கூட்டிப்போய் உலுக்கினால், அவன் இனி எதையும் உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். இரண்டாவது, "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுமா?" பிறகு என்னிடம் வரப்போவது அந்த மருமகள். அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேதவசனத்துக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. அது பற்றிச் சபை வாதாடட்டும். நான் பையனைப் பார்த்தபோது கேட்டது சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, சாகணும் என்று தோன்றுகிறதா என்றுதான். கடைசிக் கேள்வியை நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றம் இல்லை, அதனால் மருத்துவமனைக்குப் போகப் போலீஸ் பயம் வேண்டாம். ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி உதவி அமைப்பினர் இருக்கிறார்கள்.

இப்போது அவன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். அம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறார், பின் வரிசையில் உட்காருகிறார். கண்டன அறிக்கை இன்னும் வரைவில்தான் இருக்கிறது. எந்த வார்த்தை போடுவது என்பதில் சண்டை.

போன டிசம்பரில் அந்தப் பெரியவர் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்தார். "டீச்சர், கேரல் ரவுண்டுக்கு வேனில் ஸ்பீக்கர் கட்ட ஆளே இல்லை. அந்தப் பையன் லீவுல வருவானா?"

"எந்தப் பையன் அண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, அவங்க அம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்" என்று சொல்லி, தே ஓவுக்குக் (பால் இல்லாத தேநீர்) காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.